சாவி கைக்கு வந்த பிறகு

நவம்பர் 4, 1938. வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். மேற்கே மலை முழுக்க மூட்டம். போடி கடைத்தெருவில் ஏலக்காய்க் கடைகள் திறக்கவே வெகு நேரம் ஆயிற்று.

வீட்டைக் காலி செய்து கொடுக்கக் கோர்ட் அமீனா நனைந்துகொண்டே வந்தார். கூட கோர்ட் சேவகர், தெருவில் பிடித்த சாட்சிகள் இருவர். பக்கத்து வீடு என் கைக்கு வந்துவிட்டது. காலமான என் கணவர் எனக்கென்று விட்டுப்போன வீடு. அதைத் திரும்ப வாங்க வழக்கு நடத்தவேண்டியதாயிற்று.

குடியிருந்தவன் சண்முகம், தகர வேலைக்காரன். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. அது விவகாரமே அல்ல. என் மகள் எஸ்தர் புருஷனை இழந்து இரண்டு பெண் குழந்தைகளோடு தூத்துக்குடியில் மாமியார் வீட்டு மூலையில் கிடக்கிறாள். நான் இருப்பதோ ஒற்றை அறை. அவளுக்காக என் வீட்டைக் கேட்டேன். "டீச்சரம்மா ஆயுசுக்கும் இருந்துக்கன்னு வாய்ச்சொல் குடுத்தாக" என்று சண்முகம் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னான். நான் சொன்னதே இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே விடாமல் நடத்தினேன்.

இன்று சண்டை போடுவான் என்று பயந்திருந்தேன். போடவில்லை. அவனே சாமான்களைத் தூக்கி வண்டியில் ஏற்றினான். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள்தான் கொல்லையை விட்டு வரவில்லை. அமீனா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"மழை வலுக்குதுல்ல ஆத்தா. வெளிய வா. என் வேலைய முடிச்சிட்டுப் போறேன்."

வந்தாள். முழங்காலெல்லாம் சேறு. நெற்றியிலும். என்னைப் பார்க்கவில்லை.

சாவி வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 5, சனி

மழை விட்டு வெயில். தலைவலி.

பக்கத்து வீட்டைக் கழுவ ஆரம்பித்தோம். கிடந்தவை: உடைந்த உலைத்துருத்தி, தகரத் துண்டுகள் ஒரு சாக்கு, புனல் இரண்டு, கிழிந்த பாய், ஒரு தொட்டில் கயிறு. அடுப்பங்கரையைப் பட்டறையாக வைத்திருந்ததால் சுவரெல்லாம் கரி. கூரையும் ஓட்டை. அதை இடித்துவிட்டுக் கொல்லையில் புதிதாகச் சமையலறை கட்டவேண்டும். எஸ்தர் வருவதற்குள் சுவராவது எழும்ப வேண்டும்.

கொத்தனார் காளிமுத்து வந்தார். கொல்லைக்குப் போனவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"டீச்சரம்மா, இங்கன வந்து பாருங்க."

முருங்கை மரத்தடியில் ஓட்டுத் துண்டுகளை வட்டமாக நட்டிருக்கிறார்கள். நடுவில் அரளிப் பூ. மண் ஈரத்தில் பால் தெளித்த வெள்ளை.

"போகையில என்னத்தையோ வச்சிட்டுப் போயிருக்காக. நான் கை வைக்க மாட்டேன்."

"ஒன்றும் இருக்காது. வேலையைப் பாருங்கள்."

"நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக. உங்களுக்கு இதெல்லாம் கெடையாது. நான் புள்ளகுட்டிக்காரன்."

போய்விட்டார். எனக்குக் கோபம். வழக்கில் தோற்றதற்கு மந்திரமா, தந்திரமா? பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்குப் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் அந்த ஓட்டுத் துண்டுகளை நானும் பிடுங்கவில்லை.

உப்பு, சீரகம், விளக்குத் திரி வாங்க மறந்தது.

நவம்பர் 6, ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. பாட்டு நடுவில் எழுந்துவிடலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தால் சந்துக் கதவின் கொண்டி எடுத்துவிடப்பட்டிருக்கிறது. உள்ளே பேச்சியம்மாள். முருங்கையடியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பால் செம்பு.

கத்தினேன். நான் அப்படிக் கத்துகிறவள் அல்ல.

"யாரைக் கேட்டு உள்ளே வந்தாய்? கோர்ட் பூட்டிக் கொடுத்த வீடு. போலீஸைக் கூப்பிடட்டுமா?"

அவள் எழுந்தாள். செம்பை எடுத்துக்கொண்டாள். கதவுகிட்டே போய்த்தான் திரும்பினாள்.

"எம் புள்ள இங்கன இருக்கான் டீச்சரம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கி, அப்படியே கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டேன். போன வருஷம் மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். பெயர் வைக்கும் முன்பே போய்விட்டான். அழுகைச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுத்திருந்த சமயம், போகவில்லை. போயிருந்தாலும் உள்ளே விட்டிருப்பார்களா, தெரியாது. சுடுகாட்டுப் பக்கம் கொண்டுபோய் அடக்கியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 7, திங்கள்

பெரியகுளம் போய் வக்கீலைப் பார்த்தேன். பஸ்ஸில் கூட்டம், தேனிச் சந்தைக்குப் போகிற கூடைகள் மடியெல்லாம்.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு விரலை மடக்கிச் சொன்னார். மறக்காமல் எழுதிவைக்கிறேன்.

வீடு என் சுவாதீனத்துக்கு வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் யார் நுழைந்தாலும் அத்துமீறல், புகார் கொடுக்கலாம்.

அவன் நட்ட மரம், போட்ட மேடை எதையும் இனிமேல் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. இருந்தபோதே எடுத்திருக்க வேண்டும். போட்டுவிட்டுப் போன தட்டுமுட்டுச் சாமான் மட்டும் அவனுடையது. எடுத்துப்போகச் சொல்லித் தகவல் அனுப்பவேண்டும். நானே விற்கக் கூடாது.

பூட்டை உடைத்து மறுபடி குடியேறினால் நானாக ஆள் வைத்துத் தள்ளக் கூடாது. கோர்ட்டுக்கே வரவேண்டும்.

"அந்தக் குழந்தை?" என்று கேட்டேன்.

"அம்மா, மனையில மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் உங்களது. நீங்க அஸ்திவாரம் தோண்டறதை யாரும் தடுக்க முடியாது. இன்னொண்ணு சொல்றேன். ஊருக்குள்ள, வேறொருத்தர் கொல்லையில புதைச்சது அவன் தப்பு. ஒரு வரி எழுதிப் போட்டா நகரசபை ஆளே வந்து அவனைக் கேப்பான்."

"அது வேண்டாம்."

"வேண்டாம்னா விடுங்க. ஆனா இரக்கப்பட்டுச் சும்மா வந்து போகட்டும்னு மட்டும் விட்டுடாதீங்க. இன்னைக்கு அனுமதின்னு வருவாங்க, வருஷம் போனா பாத்தியதைன்னு நிப்பாங்க. உங்களுக்குப் பிறகு உங்க பொண்ணுதான் கஷ்டப்படும். விடறதுன்னா எழுதி வாங்கிக்கங்க."

அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். 'வீட்டுக்காரர் தயவில் வருகிறேன், எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று வாசகம். கீழே கைநாட்டு வைக்க இடம்.

நியாயமான தாள்தான். திரும்பி வரும்போது பையில் அது கனமாக இருந்தது என்று எழுதினால் பொய். தூங்கிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 8, செவ்வாய்

சண்முகத்துக்கு ஆள் அனுப்பினேன். சாமானை எடுத்துப்போகவும், பேசவும். மில் ரோட்டில் அவன் மச்சான் கொட்டகையில் இருக்கிறார்களாம்.

சாயங்காலம் வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி தாளை வாசிக்கக் கேட்டான். வாசித்தேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னான்.

"யாரு கைநாட்டு வைக்கணும்?"

"நீயும் பேச்சியம்மாளும்."

"எதுக்கு டீச்சரம்மா? வீட்டைக் குடுத்தாச்சு. சாவியக் குடுத்தாச்சு. பெத்தவ புள்ளையப் பாக்க வர்றதுக்குமா கைநாட்டு?"

"உன் பெண்டாட்டி வருவதைத் தடுக்க நான் நினைக்கவில்லை. நாளைக்கு இது வழக்காகக் கூடாது."

"வழக்கு போட்டது நீங்க."

"கோர்ட்டில் நான் சொல்லாததைச் சொன்னது யார்?"

முகம் சுருங்கியது. வாயிற்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"வேற என்னத்தச் சொல்லுவேன்? எம் புள்ள கெடக்கான், நான் போக மாட்டேன்னு சொன்னா எந்தக் கோர்ட்டு கேக்கும்?"

தாளை மடித்து அவனிடம் நீட்டினேன்.

கூடலூர் போகப்போகிறார்களாம். அங்கே ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறுகிறவர்களுக்கு விளக்கு, தண்ணீர்த் தகரம் எல்லாம் வேண்டியிருக்கிறது, பட்டறைக்கு இடம் கிடைத்திருக்கிறது. பேச்சியம்மாள்தான் கிளம்ப மாட்டேன் என்கிறாள். பிள்ளையைத் தனியே விட்டு வர மாட்டாளாம்.

தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். சாமானும் எடுக்கவில்லை.

நவம்பர் 9, புதன்

நாள் பூராவும் மழை. எஸ்தரிடமிருந்து கடிதம்: சனிக்கிழமை ரயிலில் வருகிறாள். சின்னவளுக்குச் சளி.

குடை பிடித்துக்கொண்டு கொல்லையில் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் சந்துச் சுவர். சமையலறையை வேறெங்கே தள்ளினாலும் வாசல் அடைபடும். காளிமுத்து அளந்து சொன்னது சரிதான். முருங்கை போயாக வேண்டும்.

கட்டிவிடலாம். யாரும் கேட்க முடியாது. அதன்மேல் அடுப்பு வைத்து எஸ்தர் சோறு வடிப்பாள்.

இந்த வரியை அடித்துவிடப் பார்த்தேன்.

ஆனால் எஸ்தருக்கும் இடம் வேண்டும். அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான். இதையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 10, வியாழன்

தூறல் நின்றது. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் சண்முகம் வந்தான். கையில் புதுத் தகரப் பெட்டி. மூடியும் கீலும் வைத்து, ஓரமெல்லாம் மழுக்கி, நன்றாகச் செய்திருக்கிறான்.

"டீச்சரம்மா, அவனக் கொண்டுபோயிருறோம். தோண்ட மட்டும் விடுங்க. அதுக்கும் கைநாட்டு வேணும்னா வச்சிருறேன்."

வேண்டாம் என்றேன். சந்துக் கதவை நானே திறந்துவிட்டேன். பேச்சியம்மாள் வெளியே சந்தில் நின்றாள். அவளை உள்ளே வர வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தான். பார்க்கத் தாங்க மாட்டாள் என்று.

மரத்தடியில் மண்வெட்டியால் மேல்மண்ணை வழித்தான். பிறகு கரண்டி. பிறகு கையாலேயே. நான் கிணற்று மேடையில் நின்றேன். மண் குழைந்து கிடந்தது. முருங்கை வேர் பின்னிப்போய்க் கிடந்தது. முழங்கை ஆழம் போனான். இடுப்பு ஆழம் போனான்.

ஒன்றும் இல்லை.

"மழையில அடக்குனது," என்றான் மூச்சு வாங்க. "இவளுக்குத் தீட்டு, வெளிய வரல. நானும் மச்சானுந்தான். அடையாளத்துக்கு முருங்கக் கிளைய ஒடிச்சுப் போத்து வச்சேன். ஒன்னு பட்டுப்போனாலும் இன்னொன்னு நிக்கும்னு, கொஞ்சம் தள்ளித் தள்ளி ரெண்டா வச்சேன். இதுதான் துளுத்தது. இதான் எடம்."

இன்னும் தோண்டினான். வேரை வெட்டிப் பார்த்தான். நான் இறங்கிப்போய் எடுத்துப்போட்ட மண்ணைக் கிளறிப் பார்த்தேன். வேர், கல், ஓட்டுச் சில்லு. வேறு எதுவும் இல்லை.

சந்திலிருந்து அவள் குரல்: "இருக்கானா?"

அவன் பெட்டியை இழுத்து அந்தக் குழியின் அடிமண்ணை அள்ளி அள்ளிப் போட்டான். அரளிப் பூவை மேலே வைத்தான். மூடினான். பிறகு என் பக்கம் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி:

"கெடச்சதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சரம்மா. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க பொய் சொல்ல மாட்டீகன்னு அவளுக்குத் தெரியும்."

அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. கதவுக்குப் போனேன். அவள் இரண்டு கையையும் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"இருக்கிறான் அம்மா," என்றேன். "பார்த்தேன்."

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள். பிள்ளையை வாங்குவதுபோலத்தான், இடது கையை அடியில் கொடுத்து.

அவர்கள் போன பிறகு குழியை நானே கொஞ்சம் மூடினேன். சேலையெல்லாம் சேறு. ஜெபம் பண்ண உட்கார்ந்தேன், நடுவிலேயே எழுந்துவிட்டேன்.

நவம்பர் 11, வெள்ளி

வெயில். காளிமுத்து இனிமேல் வருவதாகச் சொல்லியனுப்பினார். பிள்ளையை எடுத்துப்போனது தெரிந்து பயம் தீர்ந்ததாம்.

சண்முகம் வண்டியோடு வந்து மிச்சச் சாமானை ஏற்றினான். இன்றே கூடலூர். பேச்சியம்மாள் வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை என் வீட்டுக்குள் உட்கார்ந்தாள். காப்பி கொடுத்தேன். பாதி குடித்தாள். பெட்டி மடியில்.

"ஒன்னு கேக்கணும் டீச்சரம்மா. அவருகிட்டக் கேட்டா அழுகுறாரு."

"கேளு."

"தலை எந்தப் பக்கம் இருந்துச்சு? அங்கன போயும் அதே மாதிரி வைக்கணும். பொரட்டி வச்சிட்டா அவனுக்கு எடம் தெரியாது."

சண்முகம் வெளியே வண்டிக்காரனிடம் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"கிழக்கே," என்றேன்.

"கிழக்கயா." தலையாட்டினாள். "சூரியன் வர்ற பக்கம். நல்லதுதான்."

கிளம்பும்போது என் கையைப் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

நவம்பர் 12, சனி

எ. மதிய ரயிலில் வந்தாள். இளைத்துப்போயிருக்கிறாள். பெரியவள் என்னிடம் ஒட்டவில்லை, சின்னவள் உடனே மடியில் ஏறிக்கொண்டாள். பெட்டி, படுக்கை எல்லாம் இப்போதைக்கு என் அறையில். பக்கத்து வீட்டைச் சுற்றிக் காட்டினேன். எ. தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, "இனிமே யாரும் நம்மள எழுந்திரின்னு சொல்ல மாட்டாங்கல்லம்மா?" என்று கேட்டாள். இதற்காகத்தான் எல்லாம்.

பால்காரனிடம் கூடுதலாகச் சொல்லவேண்டும். சின்னவளுக்கு ஓமத்தண்ணீர்.

நவம்பர் 14, திங்கள்

காளிமுத்து விடிந்ததும் வந்து சமையலறை அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் வெட்ட ஆரம்பித்தார். நான் அடுப்படியில் இருந்தேன். கூப்பிட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது.

கிணற்றுப் பக்கம். முருங்கையிலிருந்து ஓர் ஆள் படுக்கிற தூரம்கூட இல்லை. காய்ந்த குச்சி ஒன்று. சண்முகம் வைத்ததில் பட்டுப்போன இன்னொரு போத்து. அதன் கீழே.

மட்கிய துணி. கருவளையல் ஒன்று, உடையாமல். எலும்பு என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னச் சின்ன எலும்பு. தலை தெற்கே.

பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

"மூடிருவமா டீச்சரம்மா?" என்றார் காளிமுத்து. இந்தத் தடவை அவர் பயப்படவில்லை. தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"மூடுங்கள். பக்குவமாக."

"அவுகளுக்குச் சொல்லணும்ல?"

"நான் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள்."

சமையலறைச் சுவரைச் சந்துப் பக்கம் ஒடுக்கிக் கட்டச் சொன்னேன். அடுப்பு வைத்தால் ஒருவர் திரும்ப இடம் இருக்காது என்றார். பரவாயில்லை என்றேன்.

எ. குழந்தைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாது.

நவம்பர் 15, செவ்வாய்

கூடலூர் பஸ் எப்போது என்று விசாரித்து, காலையில் ஸ்டாண்டுக்குப் போனேன். எஸ்தரிடம் காய் வாங்கப் போவதாகச் சொன்னேன். இது இன்னொரு பொய்.

போய் என்ன சொல்வது? "நீங்கள் கொண்டுபோனது வெறும் மண். பிள்ளை இங்கேதான் இருக்கிறான்" என்றா? இந்நேரம் அங்கே குழி தோண்டி, தலை கிழக்கே என்று நினைத்து வைத்து, பால் ஊற்றியிருப்பாள். நிம்மதியாகத் தூங்கியும் இருப்பாள். அதைப் பிடுங்குவதா?

சொல்லாமல் இருப்பதா? தன் பிள்ளை எங்கே கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் பாத்தியதை பெற்றவளுக்கு இல்லையா? வக்கீலிடம் கேட்கிற விஷயமும் இல்லை இது.

சண்முகத்திடம் மட்டும் சொல்லலாமா? அவன் தாங்குவானா?

பஸ் வந்தது. ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் ஏறினார்கள். கண்டக்டர், "ஏறுங்கம்மா, கூடலூர்தானே?" என்று கேட்டான். நின்றேன். பஸ் போயிற்று.

கத்தரிக்காயும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 17, வியாழன்

மூட்டம். மழை இல்லை. சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது.

எஸ்தருக்குக் கோபம். "நம்ம எடந்தானேம்மா? கெணத்துப் பக்கம் இவ்ளோ சும்மா கெடக்கு. ஏன் இப்படி முடுக்குல கட்டுறீங்க?"

"அங்கே கட்ட வேண்டாம்."

"ஏன்?"

"ஈரம் ஏறும்."

நம்பவில்லை. கேட்கவும் இல்லை. மாமியார் வீட்டில் கற்றுக்கொண்ட பழக்கம், பாதியில் நிறுத்திவிடுகிறாள்.

வக்கீலின் தாளை அடுப்பில் போட்டேன்.

சண்முகத்துக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்து இரண்டு வரியில் நிறுத்தினேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டவேண்டும், பக்கத்தில் அவள் இருப்பாள்.

நேரில்தான் போகவேண்டும். என்றைக்கு என்று எழுத முடியவில்லை.

இப்போது சின்னவள் கிணற்றுப் பக்கம் அந்த மண்ணில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியில் சோறு ஆக்கி, எதிரில் யாருக்கோ பரிமாறிக்கொண்டிருக்கிறாள். எழுந்து வா என்று கூப்பிட வாயெடுத்தேன்.

கூப்பிடவில்லை.